மொட்டை மாடியில் மூன்று கொடிகள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளியில் 31 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் 43 தேசியக் கொடிகள். ஒன்றுகூடப் புதிது இல்லை. காவி வெளுத்து சந்தன நிறத்துக்கு வந்தவை, ஓரம் நைந்து நூல் தொங்குபவை, கேபிள் கம்பியில் மாட்டிக் கிழிந்தவை, சாக்கடை ஓரம் கிடந்து எடுத்துவந்தவை. இவற்றை என்ன செய்வது என்று கேட்கத்தான் இந்த மடல்.

இவை என்னிடம் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டுக்காக வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னார்கள். தபால் நிலையத்திலேயே 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. எங்கள் தெருவில் கொடி கட்டாத வீடு நாலைந்துதான். ஆடிக் காற்று ஓய்ந்திருக்கவில்லை. பதினைந்தாம் தேதி போய் இருபதாம் தேதி வந்தும் பல வீடுகளில் கொடி அப்படியே இருந்தது. இரவிலும் பறக்கலாம் என்று அந்த ஜூலையில்தான் விதியைத் திருத்தியிருந்தார்கள். ஆக, அவிழ்க்க வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. புரட்டாசி மழைக்குப் பிறகுதான் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வந்தார்கள். "சார், குப்பையில போட மனசு வரலை. நீங்க கொடி வாத்தியார்தானே, பாத்து எதாச்சும் பண்ணிடுங்க." ஒவ்வொரு ஆகஸ்டுக்குப் பிறகும் இது நடக்கிறது.

கொடி வாத்தியார் என்ற பெயர் சும்மா வரவில்லை. பூவிதழ் வைத்துக் கொடியை மடித்து, சுருக்கு முடிச்சுப் போட்டு, தலைமையாசிரியர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்ததும் பூ சிதறிக் கொடி விரிய வேண்டும். முடிச்சு இறுகிவிட்டால் ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும்போது வாத்தியார் மானம் போய்விடும். எனக்கு ஒருமுறை போயிருக்கிறது. அதன்பிறகு 14-ஆம் தேதி சாயங்காலம் ஒத்திகை பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. ஏற்றுவது எப்படி, மடிப்பது எப்படி என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். பழைய கொடியை என்ன செய்வது என்பதை மட்டும் எந்தப் பயிற்சி முகாமிலும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

சட்டம் சொல்லாமல் இல்லை. 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் கொடி விதித்தொகுப்பு, சேதமான அல்லது அழுக்கான கொடியைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது, முழுதாக, தனிமையில் அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது, அல்லது கொடியின் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு வழியில் செய்யலாம் என்கிறது. இன்னொரு பக்கம் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரித்து அவமதித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நாலு சுவருக்குள் எரித்தால் மரியாதை, நாலு பேர் பார்க்க எரித்தால் குற்றம். தீக்குச்சி என்னவோ ஒன்றுதான்.

விதியை மதித்து நானே செய்து பார்த்தேன். போன வைகாசியில் ஒரு சாயங்காலம், மூன்று கொடிகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். முதலாவது எங்கள் பள்ளியின் பழைய கதர்க் கொடி. இரும்புச் சட்டியில் வைத்துப் பற்றவைத்ததும் காகிதம் எரிகிற வாசனையோடு நின்று எரிந்தது. கடைசியில் ஒரு பிடி சாம்பல். அதைத் தென்னை மரத்தடியில் போட்டுவிட்டுக் கைகூப்பினேன். மனசுக்கு நிறைவாகவே இருந்தது.

மற்ற இரண்டும் பாலியஸ்டர். பற்றியதுமே சுருண்டன. கரும்புகை கிளம்பிக் கண்ணைக் கரித்தது. காவியும் பச்சையும் உருகி ஒன்றோடொன்று கலந்து கருப்பாகச் சொட்டின. கொடி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. சட்டியின் அடியில் தார்க்கட்டி போல ஒன்று ஒட்டிக்கொண்டது, இன்றுவரை சுரண்ட முடியவில்லை. இருமிக்கொண்டே நிமிர்ந்தால் அடுத்த வீட்டு மாடியில் அந்த வீட்டுப் பையன். "சார், கொடியையா எரிக்கிறீங்க?" அவன் கையில் போன் இருந்தது. அதில் கேமரா இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அடுத்த மாடியிலிருந்து தெரிந்தால் அது பொதுமக்கள் பார்வையா என்று எந்த வக்கீலையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மீதியை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

துணியோடு புழங்குகிற ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் நூல் எது என்று சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவித் தீக்குச்சி காட்டுவார்கள். பருத்தி என்றால் சாம்பல், பாலியஸ்டர் என்றால் உருண்டை. பனியன் கம்பெனிக்குப் போகிற பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த சோதனை இது. கொடி கையால் நூற்றுக் கையால் நெய்ததாகவே, பருத்தியோ பட்டோ கம்பளியோ கதராகவே இருக்க வேண்டும் என்று இருந்த காலத்தில் 'எரிப்பது நல்லது' என்று எழுதினார்கள். பொருத்தமான சொல். 2021 டிசம்பர் 30-ஆம் தேதி ஆணையில் இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டரும் ஆகும் என்று திருத்தினார்கள். பிறப்பைத் திருத்தியவர்கள் இறப்புக்கு எழுதிய வரியை அப்படியே விட்டுவிட்டார்கள். என் குறை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, ஆட்சியர் அவர்களே.

இந்திய தர நிர்ணய அமைப்பு வகுத்த தரங்களில் வரிசை எண் 1 எதற்கு என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். தேசியக் கொடிக்குத்தான். துணியின் நெசவும் சாயத்தின் உறுதியும் அளவும் அதில் இருக்கின்றன. அந்தத் தரத்துக்குக் கதர்க் கொடி செய்கிறவர்கள் கர்நாடகத்தில் ஹூப்ளிக்குப் பக்கத்தில் பெங்கேரியில் இருக்கிறார்கள். பெரிய கொடி 21 அடிக்கு 14 அடி, சின்னது ஆறு அங்குலத்துக்கு நாலு. இத்தனை கணக்குப் பார்த்துப் பெற்றெடுக்கும் ஒன்றைக் கடைசியில் இரும்புச் சட்டியோடு ஒரு கிழவனிடம் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடை. நல்ல காரியம். ஆனால் பாலியஸ்டர் எதிலிருந்து வருகிறது? தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருளில்தான் அந்த நூலும். ஜூலையில் முன்வாசல் வழியாக அனுப்பியதை ஆகஸ்டில் கொல்லை வழியாக அழைத்துவந்தோம். புதைக்கலாம் என்றால் மக்காது. எரித்தால் நஞ்சு. கிழித்துப் பழைய துணியோடு மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்றால், 'முழுதாக' என்று விதியில் ஒரு சொல் நிற்கிறது.

என் நண்பர் ஒருவர் சுபேதாராக இருந்து வந்தவர். அவரிடம் சொன்னபோது முகம் சிவந்துவிட்டது. "கொடி போர்த்தி வந்த பெட்டிகளை நான் தோளில் சுமந்திருக்கேன். அதை ஒரு துணின்னு பேசாதீங்க" என்றார். அவரிடம் வாதாட எனக்கு யோக்கியதை இல்லை, வாயை மூடிக்கொண்டேன். கல்லூரியில் படிக்கிற என் பேத்தி வேறு மாதிரி. 2022-ல் எங்கள் வீட்டு வாசலில் கொடி கட்டியதும் அவள் கேட்டாள்: "தாத்தா, கட்டாத அந்த நாலு வீட்டைத் தெருவே எண்ணிட்டு இருக்கே, அது உங்களுக்குத் தப்பாத் தெரியலையா?" எண்ணியவர்களில் நானும் ஒருவன். மேலே 'நாலைந்து' என்று எழுதினேனே, அது அப்போது எண்ணியதுதான்.

இந்த இரண்டு குரலும் நம் மண்ணில் நெடுநாளாக இருக்கின்றன. 1932 ஜனவரியில் தடியடி பட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாத குமரனின் பெயரைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அது இன்றைய கொடி அல்ல, இராட்டைக் கொடி. இதே தமிழ்நாட்டில் 1955-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிப்போம் என்று பெரியார் அறிவித்தார். முதலமைச்சர் காமராஜர் உறுதிமொழி தந்தபின் அது நின்றது. என் அப்பா காங்கிரஸ்காரர். பெரியப்பா கருப்புச் சட்டை. இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவார்கள். யாரும் யாரையும் தேசத்துரோகி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்றமும், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாக வாய் திறக்காத கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986-ல் தீர்ப்பளித்தது. மரியாதையோடு கொடி ஏற்றுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2004-ல் சொன்னதும் அதே நீதிமன்றம். உரிமை என்றால் ஏற்றாமல் இருக்கவும் இடம் உண்டு என்பது பேத்தியின் வாதம். சுபேதார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் ஜூன் 14, கொடி நாளன்று, பழைய கொடிகளை ஊரறியச் சேர்த்து வணக்கம் செலுத்தி எரிக்கிறார்கள். எதிர்ப்புக்காகக் கொடியை எரிப்பதும் கருத்துரிமைதான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-ல் சொல்லிவிட்டது. நமக்கு அந்த வழி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எரிப்பவர் யார், எதற்காக என்று பார்க்காமல் தீயை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் கூடிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

அவமதிப்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு ஆட்சியரே நேரில் போய் அவர் கையால் ஏற்றவைத்தார். 2022-ல் இப்படி எங்கும் நடக்கக் கூடாது என்று தலைமைச் செயலர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சாக்கடையில் கிடக்கும் கொடியைப் பார்த்துப் பதறுகிற நாம், கம்பத்தின் உச்சியில் மொடமொடப்பாகப் பறக்கும் கொடியின் கயிற்றை யார் தொடக்கூடாது என்று ஊர் முடிவு செய்யும்போதும் அதே அளவு பதறுகிறோமா என்று தெரியவில்லை. சுபேதாரிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது பெரிய அசிங்கம்" என்றார்.

என் பெட்டியில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் கொண்டுவந்து தந்தவர் எங்கள் வார்டு தூய்மைப் பணியாளர் அம்மா. ஆகஸ்ட் 16 காலையில் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்கும்போது கொடி கண்ணில் பட்டால் மக்கும் குப்பையிலும் போடுவதில்லை, மக்காத குப்பையிலும் போடுவதில்லை. தண்ணீரில் அலசி மடித்துக் கைப்பிடியில் தொங்கும் பையில் வைத்துக்கொள்கிறார். "உடைஞ்ச சாமி படத்தை அரசமரத்தடியில வெச்சிட்டு வந்துடலாம் சார். இதை எங்க வெக்கிறது?" என்றார். நான் ஓர் அலுவலகத்தில் போய் இதே கேள்வியைக் கேட்டபோது வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே, "எழுதிக் குடுங்க, மேல அனுப்பறோம்" என்றார்கள். எழுதியும் கொடுத்தேன். மேலே போனதா என்று தெரியாது.

ஆகவே நேராகத் தங்களுக்கே எழுதுகிறேன். விதியைத் திருத்தும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் 'கண்ணியத்துக்கு ஏற்ற வேறு வழி' என்ற சொற்களுக்குள் ஒரு மாவட்ட ஆட்சியர் செய்ய நிறைய இடம் இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகத்திலும் பழைய கொடிக்கு ஒரு பூட்டிய பெட்டி வைக்கச் சொல்லுங்கள். தபால் நிலையங்களிலும் வைக்க முடியுமா என்று அந்தத் துறையைக் கேட்டுப் பாருங்கள்; விற்ற கைக்கு வாங்கவும் தெரியட்டும். கதரையும் பருத்தியையும் காகிதத்தையும் ஆயுதப்படை மைதானம் மாதிரி மறைவான ஓர் இடத்தில், வருடத்துக்கு ஒருநாள், முறைப்படி எரிக்கலாம். சுபேதாரைப் போன்றவர்கள் முன்னால் நின்று நடத்தித் தருவார்கள்.

பாலியஸ்டர்தான் சிக்கல். மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக் குப்பையை நம் உள்ளாட்சிகள் சிமென்ட் ஆலைச் சூளைகளுக்கு அனுப்புகின்றன. அந்தச் சூட்டில் என் சட்டியில் நடந்தது நடக்காது. தனியாகக் கட்டி, முத்திரையிட்டு, ஓர் அலுவலர் உடன்போய் முழுதாகச் சூளையில் சேர்ப்பது விதிக்கு உட்பட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "கொடி குப்பை லாரி போற வழியில போறதா?" என்று சுபேதார் கோபப்பட்டார். மூச்சுத் திணறி இருமிக்கொண்டே செய்கிற மரியாதையைவிட அது மேல் என்பது என் கட்சி. இதைவிட நல்ல வழி தங்களுக்குத் தோன்றினால் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். அடுத்த ஆகஸ்டுக்கு அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் பருத்திக் கொடி மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இந்தச் சிக்கலில் பாதி வராமலே போகும். விலை கூடுதல்தான். துவைத்து மடித்து வைத்தால் சில வருடம் வரும்.

1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைச் சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்கிறார்கள். பேத்தியோடு போய்ப் பார்த்திருக்கிறேன். என் 43-க்கும் அந்த இடம் கேட்கவில்லை. பரணில் எலி நடமாட்டம் இருக்கிறது, அதனால்தான் அவசரம்.

காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். ஆள் அனுப்பினால் எண்ணி ஒப்படைக்கிறேன். கதர் 6, பருத்தி 9, பாலியஸ்டர் 28. தனித்தனியாகக் கட்டிவைத்திருக்கிறேன். பெட்டியை மட்டும் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 16-க்கு வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்