அம்மாவுக்கு எந்த சீட்?

போன வாரம் காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் அழைத்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், அப்பா அம்மாவுக்கு முதன்முறையாக பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாராம். "எந்த சீட் நல்ல சீட்னு சொல்லுங்கம்மா, இன்னிக்கே போடணும்" என்றார். நேரலையில் எனக்கு மிச்சமிருந்தது நாற்பது நொடி. அடுத்த பாட்டு தயாராக நின்றது. "ஜன்னல் ஓரமா தனியா இருக்கிற சீட்டை மட்டும் எடுக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன்.

மாலைக்குள் வாட்ஸ்அப்பில் எனக்கு நல்ல அர்ச்சனை. 'அந்த சீட்டுக்குத்தானே எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள், தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே' என்று ஒரு தம்பி குரல் பதிவே அனுப்பியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அக்கா லண்டனில் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிரசவம். அம்மா போய்த்தான் ஆகவேண்டும். அம்மாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய உடம்பு. முழங்கால் அறுவை முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காலை மடக்கியே ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் போனாலே சுமார் பதினான்கு மணி நேரம். அக்கா, அண்ணன், நான் மூவரும் காசு போட்டு அம்மாவுக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ் எடுத்தோம். எனக்குப் பின்னால் சாதா சீட். "அந்தக் காசுக்கு ஒரு சங்கிலி வாங்கியிருக்கலாம்" என்று அம்மா சிரம்பானிலிருந்து சிப்பாங் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சீட் தேர்வு என் பொறுப்பு. ஊடகத்தில் பட்டம் வாங்கியவள் ஆயிற்றே, ஆராய்ச்சிக்குக் குறைச்சலா? ஒரு வாரம் வீடியோக்களாகப் பார்த்தேன். எல்லாரும் ஒரே சீட்டைத்தான் கொண்டாடினார்கள்: ஜன்னல் ஓரம், பக்கத்தில் ஆள் கிடையாது, இரண்டு பக்கமும் மேசை, ராஜா மாதிரி உட்காரலாம். அதைத்தான் பிடித்தேன். அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைத்து, படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, பெருமையோடு பின்னால் போய்விட்டேன். நடுவில் திரை. பின்னால் இருப்பவர்கள் நினைத்த நேரத்துக்கு முன்னால் போய்வர முடியாது.

லண்டனில் இறங்கும்போது அம்மாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு ஏறவில்லை.

படுக்கையாக விரியும் அந்த இருக்கையை அம்மா விரிக்கவே இல்லை. பதினான்கு மணி நேரமும் நேராக உட்கார்ந்தே வந்திருக்கிறார். பணிப்பெண் இரண்டு தடவை வந்து, படுக்கை போட்டுத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அம்மா "தாக் அப்பா, தாக் அப்பா" என்று சிரித்தே அனுப்பிவிட்டார். பொத்தானை அழுத்தினால் எதையாவது உடைத்துவிடுவோமோ என்று பயம். தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போகணுமே. ஒரே ஒரு தடவை போனாராம். மடக்குக் கதவை எங்கே தள்ளித் திறப்பது என்று தெரியாமல் நின்று, யாரும் பார்ப்பதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். "பக்கத்துல ஒரு ஆள் இருந்திருந்தா கேட்டிருப்பேன் கண்ணு" என்றார். அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பயம் வீக்கத்தைப் பற்றி மட்டுமல்ல. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றது. பதற வேண்டாம், அப்படியும் சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் வயது, அண்மைய அறுவை, உடல் பருமன் எல்லாம் அந்தக் கணக்கைக் கூட்டும். இதற்கு 'எகானமி கிளாஸ் நோய்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது தவறான பெயர். உறைவது டிக்கெட் விலையால் அல்ல, அசையாமல் இருப்பதால். அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொன்னது. ஜன்னல் ஓரத்தில் உட்காருபவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னது. ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் எழுந்து நடப்பது குறைவு, அதனால். என் அம்மா எவ்வளவு விலை உயர்ந்த இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார் பாருங்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். பிசினஸ் கிளாஸ் எல்லாம் ஒன்றல்ல. டிக்கெட்டில் விமானத்தின் வகை போட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். மலேசியா ஏர்லைன்சின் ஏ350 விமானத்தில் 35 பிசினஸ் இருக்கைகள், வரிசைக்கு 1-2-1. யாருமே யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வரலாம். அதே நிறுவனத்தின் பழைய ஏ330-300-இல் ஒரு வரிசை 1-2-1, அடுத்தது 1-2-2 என்று மாறி மாறி வரும். இரண்டாக இருக்கும் பக்கத்தில் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டால், நடுராத்திரி பக்கத்து ஆளின் நீட்டிய காலைத் தாண்டித்தான் வெளியே வரணும். ஏர்ஏசியா எக்ஸின் படுக்கை இருக்கைகள் மொத்தமே 12. இரண்டே வரிசை, 2-2-2. கணவன் மனைவி சேர்ந்து போனால் அது பாதகமில்லை. தெரியாத ஆளோடு என்றால் ஜன்னலோரம் வேண்டாம். சென்னை மாதிரி நான்கு மணி நேரப் பயணத்துக்கு போயிங் 737 வந்தால் பிசினஸ் கிளாஸ் என்பது அகலமான சாய்வு நாற்காலிதான், படுக்கை அல்ல. படுக்கை கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பிறகு விழிக்காதீர்கள்.

வரைபடத்தில் தெரியாத ஒன்று, காலை எங்கே வைப்பது என்பது. இந்தப் படுக்கைகளில் பல, முன்னால் இருப்பவரின் பக்க மேசைக்கு அடியில் உள்ள ஒரு பொந்துக்குள் நம் காலை நுழைக்கும்படி செய்யப்பட்டவை. உயரமானவர்களுக்கும் மூட்டு சரியாக மடங்காதவர்களுக்கும் அந்தப் பொந்து இறுக்கம். சுவரை ஒட்டிய முதல் வரிசையில் முன்னால் ஆள் இல்லாததால் அந்த இடம் பெரும்பாலும் அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் பல விமானங்களில் அந்தச் சுவரில்தான். அழுகைச் சத்தம் அம்மாவுக்குத் தொந்தரவே இல்லை, ஏதாவது ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டால் போதும். உங்களுக்குத் தூக்கம்தான் முக்கியம் என்றால் யோசியுங்கள்.

நடு இரட்டை இருக்கைகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில விமானங்களில் ஒரு வரிசையில் இரண்டும் ஒட்டியிருக்கும், மேசைகள் வெளிப்பக்கம். அடுத்த வரிசையில் மேசைகள் நடுவில் வந்து இருவரும் ஆளுக்கொரு மூலையில். 'பக்கத்து பக்கத்து சீட்' என்று போட்டுவிட்டு உள்ளே போனால், கையை நீட்டினாலும் எட்டாது. வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

மற்றபடி சமையலறையை ஒட்டிய சீட் வேண்டாம். இரவெல்லாம் தட்டுச் சத்தம், வெளிச்சம். வாய்ப்பிருந்தால் ஏ350, போயிங் 787 மாதிரி புதிய விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய விமானங்களுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி மலையில் இருப்பதுபோல் வரை போகும். இவற்றில் 6,000 அடி அளவில் நிறுத்துகிறார்கள். வயதானவர்களுக்கு அசதி குறையும். எந்த விமானமானாலும் உள்ளே காற்று ரொம்ப உலர்ந்திருக்கும். தண்ணீர் குடித்தே ஆகவேண்டும்.

தண்ணீர் குடித்தால் மறுபடியும் கழிப்பறை.

அக்காவுக்கு இப்போது இரண்டாவது பிரசவம். வரும் நவம்பரில் மறுபடியும் லண்டன். இந்தத் தடவை ஒரு டிக்கெட் அக்கா அனுப்பினாள். என்னுடையது, மூன்று வருடமாகச் சேர்த்த கடன் அட்டைப் புள்ளிகளும் கொஞ்சம் சேமிப்பும். சீட் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் அம்மா முன்னால் வைத்தேன். போன தடவை செய்யாத வேலை அது. வீடியோ எடுத்தவர்களையெல்லாம் கேட்டேன், உட்காரப் போகிறவரைக் கேட்கவில்லை.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் கேட்டது, "கக்கூஸ் எந்தப் பக்கம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்த கதையைச் சொன்னார். 1926-இல் கட்டிய கப்பல் அது. எழுபதுகளின் தொடக்கம் வரை நம் ஆட்களைச் சுமந்தது. அறை எடுக்க வசதியில்லாத ஆயிரக்கணக்கான பேர் மேல்தளத்தில்தான் பாய் விரித்துக்கொள்வார்கள். சீட் எண் கிடையாது, ஏறியதும் ஓடிப்போய் இடம் பிடிக்கணும். பாட்டியின் அப்பா நல்ல காற்று வரும் ஓரமாகப் பார்த்துப் பிடித்தாராம். ராத்திரி அலை அடித்து மொத்தமும் நனைந்துபோனது. மறுநாள் கூட வந்த ஒரு கிழவி இடம் மாற்றிக்கொடுத்தாள்: கழிப்பறைக்கு ரொம்பப் பக்கமும் இல்லாமல், நடக்க முடியாத தூரமும் இல்லாமல், ரெண்டு பக்கமும் தெரிந்த மனுஷர்கள் இருக்கிற இடமாக. "அவ்வளவுதான்டி பாக்கணும்" என்றார் அம்மா.

அப்படியே பார்த்தோம். கழிப்பறையிலிருந்து மூன்று வரிசை தள்ளி, நடுவில் ஒட்டியிருக்கும் இரண்டு இருக்கைகள். ஜன்னல் இல்லை. "இருட்டுல வெளிய என்ன தெரியப் போகுது" என்றார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவது என்று ஒப்பந்தம். இறுக்கமான காலுறை போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டோம், அளவெடுத்துத்தான் வாங்கணுமாம். மடக்குக் கதவை நடுவில் தள்ளித் திறப்பதை, வீட்டு அலமாரிக் கதவில் இரண்டு தடவை செய்து பார்த்தாயிற்று. "அந்தப் படுக்கையை முதல்ல நீ விரி, பாத்துட்டு நான் விரிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு கவலை பாக்கி. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால், நாம் பிடித்த சீட் எண் வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், முந்தின நாளும் வரைபடத்தைத் திரும்பத் திறந்து பார்ப்பதாகக் கைப்பேசியில் மணி வைத்திருக்கிறேன்.

நாற்பது நொடியில் உங்களை அனுப்பிவிட்ட அண்ணே, இதைப் படித்தால் செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் கூப்பிடுங்கள். விமான வகையையும், அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.