இலவசப் பள்ளிக்கூடமும் ஏழைப் பெண்ணும்

"பள்ளிக்கூடம் இலவசம்தானே! பிறகு ஏன் பெண்ணை அனுப்பவில்லை?"

வசதி உள்ளவர்கள் ஏழைத் தகப்பனைப் பார்த்து இப்படிக் கேட்பது வழக்கம். அவனுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று முடிவும் கட்டிவிடுவார்கள்.

அது தவறு. ஏழைக்குப் படிப்பின் அருமை நன்றாகத் தெரியும். அரிசியின் விலையும் தெரியும்!

2023-ம் ஆண்டில் யுனெஸ்கோ ஒரு கணக்கு வெளியிட்டது. படிக்கிற வயதில் இருந்தும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் உலகத்தில் 25 கோடி பேர். அவர்களில் 12 கோடிப் பேருக்கு மேல் பெண்கள்.

இவர்களைத் தடுப்பது எது?

வீட்டுக் கணக்கு

பள்ளிக்கூடச் சம்பளம் இல்லை என்றாலும், நோட்டு வாங்க வேண்டும். சட்டை, பாவாடை வேண்டும். பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தால் பஸ்சுக்குக் காசு வேண்டும். இது கண்ணுக்குத் தெரிகிற செலவு.

தெரியாத செலவு ஒன்று உண்டு. ஏழை வீட்டில் தண்ணீர் எடுப்பவள் பெண். விறகு பொறுக்குபவள் பெண். தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்பவளும் அவளே. அவள் பள்ளிக்கூடம் போனால், தாய் கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போக முடியாது. அன்றைய கூலி போய்விடும். கூலி போனால் அடுப்பு எரியாது.

கையில் இருக்கும் பணம் ஒரு பிள்ளைக்குத்தான் போதும் என்றால் என்ன ஆகும்? பையன் படிப்பான். பெண் நிற்பாள். "அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே" என்று சொல்லிவிடுவார்கள். வரதட்சணை கேட்கும் நாடுகளில் இன்னொரு பயமும் உண்டு. பெண்ணுக்கு வயது ஏற ஏற, மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் தொகையும் ஏறும்.

சம்பளம் ஒழிந்தது, கூட்டம் வந்தது

ஆப்பிரிக்காவில் உகாண்டா என்று ஒரு நாடு. 1997-ம் ஆண்டில் அங்கே தொடக்கப் பள்ளிச் சம்பளத்தை எடுத்தார்கள். சுமார் 30 லட்சம் பிள்ளைகள் படித்த இடத்தில், ஒரே ஆண்டில் 50 லட்சம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பக்கத்து நாடான கென்யா 2003-ம் ஆண்டில் அதையே செய்தது. புதிதாக வந்து சேர்ந்தவர்கள் 10 லட்சம் பேருக்கு மேல்!

ஒரே இரவில் இத்தனை பெற்றோர்களுக்கும் படிப்பின் அருமை தெரிந்துவிட்டதா? இல்லை. அது முன்பே தெரியும். குறுக்கே நின்றது காசு.

பெண்ணின் பெயரில் பணம்

வங்காள தேசம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1994-ம் ஆண்டு முதல், கிராமங்களில் ஆறாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பெண்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. பணம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே பாங்கியில் சேர்ந்தது.

நிபந்தனை மூன்று. 100 நாளில் 75 நாளாவது பள்ளிக்கு வர வேண்டும். பரீட்சையில் 45 மார்க்காவது வாங்க வேண்டும். கல்யாணம் ஆகக் கூடாது.

கொடுத்தது சிறிய தொகைதான். ஆனாலும் சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை எட்டிப் பிடித்தது.

நம் நாட்டில் பீகாரைப் பாருங்கள். 2006-ம் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேருவது 32 சதவீதம் கூடியது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம்.

பணம் மட்டும் போதுமா?

போதாது. வங்காள தேசத்தில் ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிடுவதாக 2019-ம் ஆண்டுக் கணக்கு சொல்லியது. உகாண்டாவில் பிள்ளைகள் வந்த வேகத்துக்கு ஆசிரியர்கள் வரவில்லை. ஒரே வகுப்பில் நெருக்கியடித்து உட்கார வேண்டியதாயிற்று.

ஆகவே, காசு பெண்ணைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவந்து விடும். உள்ளே நிறுத்தி வைக்க நல்ல ஆசிரியர் வேண்டும். கதவுள்ள கழிப்பிடம் வேண்டும். பயம் இல்லாமல் நடந்துவர வழி வேண்டும்.

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று அரசாங்கங்கள் கேட்கலாம். வங்காள தேசம் பணக்கார நாடாக இருந்தபோது இதைச் செய்யவில்லை. ஏழை நாடாக இருந்தபோதே செய்தது.

ஏழைத் தகப்பனுக்குப் புத்திமதி சொல்வதற்குச் செலவு இல்லை. பலனும் இல்லை. அவன் வீட்டுக் கணக்கில் விழும் துண்டை அடைப்பதற்குத்தான் செலவு உண்டு. அரசாங்கங்கள் செய்ய வேண்டியது அந்தச் செலவைத்தான்.