பிறப்பு ஒரு குற்றமா?

ஒருவன் திருடினால் அவன் திருடன். அவனைப் பிடிக்கலாம். தண்டிக்கலாம். ஆனால் அவன் பிறந்த ஊர் முழுவதும் திருட்டு ஊர் என்று சொல்லலாமா? அவன் பாஷையைப் பேசுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்லலாமா?

"கூடாது" என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் சொல்வது வேறு, செய்வது வேறாக இருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று பலவகை மக்கள் கலந்து வாழ்கிறார்கள். சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலைகளிலிருந்து மலைவாழ் மக்கள் இறங்கி வருகிறார்கள். பீகார், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் ரெயில் ஏறி வருகிறார்கள். கோழிப் பண்ணையில், விசைத்தறியில், செங்கல் சூளையில், வெல்ல ஆலையில் வேலை செய்கிறார்கள்.

ஊரில் ஒரு பொருள் காணாமல் போகிறது. உடனே பேச்சு எழுகிறது: "அவர்கள்தான் எடுத்திருப்பார்கள்!"

இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும்? நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

வாச்சாத்தியில் நடந்தது

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1965-ம் ஆண்டுக்கு முன்பு அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்ல. மலையில் வாழ்கிறவர் என்பது பொருள். அவர்கள் பேசுவது தமிழ்தான்.)

1992-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி வனத்துறையினரும், போலீசாரும், வருவாய்த்துறையினரும் அந்த ஊருக்குள் புகுந்தனர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்றார்கள். தேடினால் கட்டையைத்தானே எடுக்க வேண்டும்? அவர்கள் ஊரையே சூறையாடினர். வீடுகளை நொறுக்கினர். தானியத்தைப் பாழாக்கினர். ஆடு, மாடு, கோழிகளைக்கூட விடவில்லை. ஆண்களையும் பெண்களையும் அடித்தனர். 18 பெண்களைக் கற்பழித்தனர்.

அதோடு முடியவில்லை. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து சேலம் ஜெயிலில் அடைத்தனர். தப்பியவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். ஊரில் விளக்கேற்ற ஆள் இல்லை.

ஊரில் யாராவது கட்டை வெட்டியிருக்கலாம். வெட்டியவர் யார் என்று விசாரித்திருக்கலாம். ஆனால் அங்கே விசாரணை நடக்கவில்லை. "இவர்கள் எல்லோருமே கடத்தல்காரர்கள்" என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். கைக்குழந்தைகூட அந்த முடிவுக்குத் தப்பவில்லை.

சங்கம் வந்தது

"அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்றே அதிகாரிகள் சாதித்தனர். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தார்கள்.

ஏழைகள் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரிடம் நடந்ததைச் சொன்னார்கள். சங்கத் தலைவர்களுள் ஒருவரான பெ. சண்முகமும் அவருடைய தோழர்களும் ஊருக்குப் போய் நேரில் பார்த்தார்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். ஐகோர்ட்டு உத்தரவுப்படி சி.பி.ஐ. விசாரணை நடந்தது.

வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது. மிரட்டல் வந்தது. ஆசை வார்த்தையும் வந்தது. அந்தப் பெண்கள் அசையவில்லை. கூட்டமாகவே கோர்ட்டுக்குப் போனார்கள். தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். எத்தனை பெரிய மனத்துணிவு!

2011-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று கோர்ட்டு சொன்னது. ஒருவர்கூடத் தப்பவில்லை.

அவர்கள் அப்பீல் செய்தார்கள். 2023-ம் ஆண்டு அதே செப்டம்பர் 29-ந் தேதி, சென்னை ஐகோர்ட்டு நீதிபதி பி. வேல்முருகன் அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். தீர்ப்புச் சொல்லுமுன் அந்த நீதிபதி வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார்.

31 ஆண்டுகள்! ஒரு தலைமுறைக் காலம். தனி ஆளாக இருந்தால் நின்றிருக்க முடியுமா? ஊர் ஒன்றாக நின்றது. சங்கம் துணை நின்றது. அதனால்தான் நீதி கிடைத்தது.

பழைய நோய்

இந்த நோய் இன்று நேற்று வந்ததல்ல. 1871-ம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் "குற்றப் பரம்பரைச் சட்டம்" என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில ஜாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்றது அந்தச் சட்டம். கைரேகை வைக்க வேண்டும். ஊரை விட்டுப் போனால் தெரிவிக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது; அந்தப் புத்தி ஒழிந்ததா? வாச்சாத்தியைக் கேட்டால் தெரியும்.

நாமும் பட்டோம்

"அவர்கள் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம்முடைய கதையும் இதுதான்.

1860-ம் ஆண்டு முதல் நம் ஜனங்கள் கப்பலேறித் தென் ஆப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். வட ஆற்காட்டிலிருந்து போனார்கள். சேலம் ஜில்லாவிலிருந்தும் போனார்கள். கரும்புத் தோட்டத்தில் உழைத்தார்கள். முதல் வருஷத்தில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆளுக்கு வருஷம் 3 பவுன் வரி கட்டச் சொன்னது வெள்ளைக்கார சர்க்கார். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஆறு மாதச் சம்பளம்! வெள்ளையருக்கு இந்த வரி கிடையாது. "உழைக்க மட்டும் வா, வாழ வராதே" என்பதே அதன் அர்த்தம்.

1913-ல் காந்தியடிகள் தலைமையில் நம் மக்கள் எழுந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெண்களும் சிறை சென்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 1914-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி உயிர் துறந்தார். வயது 16. அதே ஆண்டில் அந்த வரி ரத்தானது.

அது பழைய கதை என்றால், புதிய கதையும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வடநாடு முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. நாமக்கல் லாரிகள் போகாத மாநிலம் இல்லை. 2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காவிரித் தகராறின்போது பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களையும் லாரிகளையும் கொளுத்தினார்கள். அந்த டிரைவர்கள் செய்த குற்றம் என்ன? வண்டியில் தமிழ்நாட்டு நம்பர் இருந்தது. அவ்வளவுதான்.

அன்று நம் வயிறு எரிந்தது அல்லவா? அதே எரிச்சல்தான் பீகாரில் இருக்கும் தாய்க்கும்.

வதந்தி செய்த வேலை

2023-ம் ஆண்டு மார்ச் மாதம், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று செல்போன்களில் வீடியோ பரவியது. தொழிலாளர்கள் பயந்தனர். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தனர். வீடியோக்கள் பொய் என்று தெரிந்தது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது.

ஆனால் இதைச் சொல்லி நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்த ஆண்டு மே மாதம் நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பக்கம், வெல்ல ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் மீது தீ வைக்கப்பட்டது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. ஊரில் இருந்த பகையின் வெப்பம், ஊருக்குப் புதிதாக வந்த ஏழைகளைச் சுட்டது.

யார் வந்தவர்?

யோசித்துப் பார்த்தால் நம் சமவெளியில் வராதவர் யார்? சேலத்தில் பட்டு நெய்யும் சௌராஷ்டிர மக்களின் முன்னோர்கள் குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தார்கள். கன்னடம் பேசுகிறவர்கள் வந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்களே, "எங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள்" என்றுதான் கதை சொல்கிறார்கள்.

முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்பதுதான் வித்தியாசம். இன்று எல்லோரும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

சர்க்கார் செய்ய வேண்டியது இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

திருட்டு நடந்தால் போலீசில் புகார் கொடுங்கள். ஆளைச் சொல்லுங்கள், ஜாதியைச் சொல்லாதீர்கள். செல்போனில் வரும் வீடியோவை அடுத்தவருக்கு அனுப்புமுன் உண்மையா என்று கேளுங்கள்.

ஆலை முதலாளிகள், வேலைக்கு வருகிறவரின் பெயரையும் ஊரையும் பதிந்து வையுங்கள். பூட்டிய கொட்டகையில் தூங்க வைக்காதீர்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள். தமிழ் தானாக வரும், சிநேகமும் வரும்.

தொழிற்சங்கத்தார், வெளியூர்த் தொழிலாளியையும் சங்கத்தில் சேருங்கள். அவர் குறைந்த கூலிக்கு வருகிறார் என்று கோபப்படுவதில் பயன் இல்லை. அவரும் சேர்ந்து கேட்டால்தான் எல்லோருக்கும் கூலி உயரும்.

தாய்மார்களே! வாச்சாத்திப் பெண்களின் கதையையும் வள்ளியம்மையின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளைக்குக் காக்கிச் சட்டை போட்டாலும், கறுப்பு அங்கி போட்டாலும், முதலாளியானாலும், ஒரு மனிதனைப் பார்த்து, "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும்.

"நீ எங்கே பிறந்தாய்?" என்று கேட்காது.