ஆழத்திலிருந்து எழும் நம்பிக்கை



2024 டிசம்பர் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையின் ரெபிபியா சிறைச்சாலையில் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்தார். புனித பேதுரு பேராலயத்தின் கதவைத் திறந்து இரு நாள்களே ஆகியிருந்தன. 2025 புனித வியாழனன்று, உடல் மிக நலிந்த நிலையிலும், ரெஜினா சேலி சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்தித்தார். நான்கு நாள்கள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, இறைவனடி சேர்ந்தார். சிறைக்குப் போகும்போதெல்லாம், இவர்கள் இருக்கும் இடத்தில் நான் ஏன் இல்லை என்று தம்மையே கேட்டுக்கொள்வதாக அவர் பலமுறை சொன்னதுண்டு.

திருப்பாடல் 130 நம்மை இந்த இடத்திற்கே அழைத்து வருகிறது. கடவுள் கணக்குப் பார்க்கத் தொடங்கினால், சிறைக்கு உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற வேறுபாடு நிற்காது.

இன்று பலருடைய உள்ளத்தில் ஒரு வேதனை உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று; குருவானவர் பாவமன்னிப்பும் அளித்துவிட்டார். ஆனாலும், 'ஆண்டவர் என்னை உண்மையிலேயே மன்னித்தாரா?' என்ற கேள்வி அடங்குவதில்லை. எனவே பழைய பாவத்தையே மீண்டும் மீண்டும் அறிக்கையிடுகிறார்கள். கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016ஆம் ஆண்டு திருத்தந்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார். கதவு அகலத் திறந்திருந்தும், உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே அழுது நிற்கும் தாய்மார் உண்டு.

இதற்குக் காரணம் என்ன? கடவுளை வட்டிக்கடைக்காரரைப்போல் எண்ணுகிறோம். முதலில் நாம் நல்லவர்களாக வேண்டும், பிறகுதான் மன்னிப்பு என்று நினைக்கிறோம். திருப்பாடல் ஆசிரியரோ படுகுழியில் கிடந்தபடியே கூப்பிடுகிறார். மேலே ஏறி வந்தபின் அல்ல. கடவுளிடம் மன்னிப்பு இருப்பதால்தான் மனிதர் அவருக்கு அஞ்சி நடக்கிறார்கள் என்கிறார். மன்னிப்பு முந்துகிறது, இறையச்சம் அதிலிருந்து பிறக்கிறது.

பிறகு விடியலுக்குக் காத்திருக்கும் காவலரை இருமுறை நினைவூட்டுகிறார். காவலர் விடியலை உண்டாக்குவதில்லை. இருட்டில் நிற்கும்போது அவர் கண்ணுக்கு ஒளி தெரிவதுமில்லை. ஆனாலும் விடியும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. நம் மன உறுதியும் இத்தகையதே. மன்னிக்கப்பட்ட உணர்வு இன்று வரலாம், வராமலும் போகலாம். உணர்வு மாறும், ஆண்டவரின் இரக்கம் மாறாது. இது துணிந்து பாவம் செய்வதற்கான உரிமம் ஆகாது. நம்மைக் குறித்த பெருமையை விட்டு, அவரைக் குறித்த நம்பிக்கையில் நிற்பதே இது.

தனி ஒருவரின் கூக்குரலாகத் தொடங்கும் இப்பாடல், இஸ்ரயேல் மக்கள் அனைவருக்குமான அழைப்பாக முடிகிறது. இரக்கம் பெற்றவர் அதைத் தனக்குள் பூட்டி வைக்க முடியாது. சிறையிலிருந்து திரும்பியவரை, குடியை விட்டு எழ முயல்பவரை நம் பங்கு எப்படி ஏற்றுக்கொள்கிறது? அவருடைய பழைய கணக்கை நாம் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தால், கடவுள் தம்மை மன்னித்தார் என்று அவர் எப்படி நம்புவார்?

இன்றிரவு உறங்குமுன் இந்த எட்டு வசனங்களையும் குடும்பமாக மெதுவாக வாசிப்போம். விடியலைத் தரும் ஆண்டவர் நம் உள்ளங்களுக்கு அமைதி அருள்வாராக. ஆமென்.