பெட்டியும் பண்டமும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்களாகிய எம்மிற் பலர் ஒரே நாளிற் படப்பிடிப்பாளராகவும் மாறவேண்டியதாயிற்று. நாமும் வெள்ளவத்தையில் எமது வீட்டுக் கூடத்திலே கரும்பலகையொன்றைச் சாய்த்து வைத்து, கைப்பேசியை நாற்காலியின் முதுகிற் கட்டி, வட்டத்தின் கோணங்கள் பற்றிய தேற்றமொன்றைப் பன்னிரண்டு நிமிடங்களில் விளக்கிப் பதிவு செய்தோம். திருப்பிப் போட்டுப் பார்த்தபோது எழுத்துக்கள் பளிச்சென்று தெரிந்தன. மனநிறைவோடு மாணவருக்கு அனுப்பிவைத்தோம்.

அன்றிரவு கொட்டாஞ்சேனையிலிருந்து மாணவனொருவன் அழைத்தான்.

"சேர், உங்கள் குரல் கேட்கிறது, படந்தான் தெரியவில்லை. 'இந்தக் கோணத்தைப் பாருங்கள்' என்கிறீர்கள். எந்தக் கோணம், சேர்?"

அவ்வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் தாயாருடைய பழைய கைப்பேசி. பிள்ளைகள் மூவர் அதனை முறைவைத்துப் பயன்படுத்தினர். எமது கோப்போ 700 மெகாபைட் அளவினது. அதனை இறக்குவதற்கென்றே தாயார் றீலோட் போட்டுக் கொடுத்தாராம். அப்பணத்துக்கு அவர்கள் பெற்றது இருண்ட திரை! கணிதம் கற்பிக்கும் நாம் எமது கோப்பின் கணக்கைப் பாராது விட்டோமே என்று பெரிதும் வெட்கமுற்றோம்.

தவறு எங்கே நேர்ந்தது என்று ஆராயலானோம். புறக்கோட்டைக் கடைகளில் அடுக்கியிருக்கும் மரப்பெட்டிகளை வாசகர்கள் கண்டிருப்பர். பெட்டி ஒரே மாதிரியானதாயினும் ஒன்றில் ஆப்பிளும் மற்றொன்றில் வெங்காயமும் இருத்தல் கூடும். காணொளிக் கோப்பும் அத்தகையதே. எம்.பி.4, ஏ.வி.ஐ., வெப்எம் என்பன பெட்டியின் பெயர்கள். உள்ளே இருக்கும் பண்டம் வேறு. படம் ஒரு முறையாலும் ஒலி இன்னொரு முறையாலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திறக்கத் தெரிந்த கருவிக்கு உள்ளிருக்கும் பண்டத்தை விரிக்கத் தெரியாமற் போகலாம். எமது கோப்பில் நேர்ந்தது அதுவே. எமது புதிய கைப்பேசி 2013இல் வெளிவந்த எச்.265 என்னும் முறையிற் படத்தைச் சுருக்கியிருந்தது. தாயாரின் பழைய கைப்பேசி அம்முறையை அறியாது. ஒலியைச் சுருக்கிய ஏ.ஏ.சி. முறையை அறியும். ஆகவே குரல் வந்தது, படம் வரவில்லை. இந்நிலையிற் கோப்பின் பெயரின் வால் எழுத்துக்களை மட்டும் மாற்றிப் பயனில்லை. பெட்டியின் மேல் வேறு சீட்டு ஒட்டினால் வெங்காயம் ஆப்பிளாகி விடுமா?

அவ்வாறாயின் எதனைத் தெரிவது? சுருக்கும் முறைகள் பல. 2013இல் வந்த வி.பி.9, 2018இல் வந்த ஏ.வி.1 ஆகியவையும் எச்.265ஐப் போலவே கோப்பை நன்கு சிறிதாக்க வல்லவை. ஆயினும் பழைய கருவிகள் பல அவற்றை விரிக்கமாட்டா. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையோ அவற்றினும் மூத்தது. ஆதலால் இன்று பாவனையிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். எனவே, யார் எக்கருவியிற் பார்ப்பார் என்று அறியாதவிடத்து, எம்.பி.4 பெட்டியில் எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் வைத்து அனுப்புவதே தக்கது.

அடுத்து அளவு. எமது பதிவு நொடிக்கு ஏறக்குறைய 8000 கிலோபிட் உண்டிருந்தது. ஓடி விளையாடும் காட்சிக்கு அது வேண்டியிருக்கலாம். அசையாத கரும்பலகைக்கு எதற்கு? இம்முறைகள் யாவும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறியதையே பெரிதும் குறித்து வைப்பவை. பலகை மாறாதிருக்க, கையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே அசைகின்றன. ஆகவே 720 வரித் திரைக்கு நொடிக்கு 500 கிலோபிட் படமும் 64 கிலோபிட் ஒலியும் போதும் என்று கண்டோம். 12 நிமிடம் என்பது 720 நொடி. 564ஐ 720ஆற் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் ஆகையால் 8ஆல் வகுத்தால், ஏறத்தாழ 51 மெகாபைட். 700 எங்கே, 51 எங்கே!

இன்னுமொரு நுட்பமும் உண்டு. எம்.பி.4 பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று கூறும் பட்டியலொன்று உளது. பல வேளைகளில் அது கோப்பின் கடைசியில் அமைந்துவிடும். இணையத்திற் பார்ப்பவர் அப்பட்டியல் வந்து சேரும்வரை காத்திருக்க நேரிடும். பொருளடக்கத்தை நூலின் முன்னே வைப்பதுபோல அதனையும் முன்னே வைத்துவிட்டால், இறங்க இறங்கவே படம் ஓடத் தொடங்கும். ஹாண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் இதற்கென ஒரு கட்டம் உண்டு; அதில் அடையாளமிட்டாற் போதும். இத்தனையும் செய்து முடிக்க எமக்கு அரைமணி நேரமே பிடித்தது.

இவ்விடத்திற் குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பச் சிறிய பிரதியொன்றை ஆக்குங்கள். ஆனால் மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். சுருக்கியதை மீண்டும் விரித்து இழந்த தெளிவைப் பெறல் இயலாது. முறைகளும் நிலையானவையல்ல. ஒரு காலத்தில் இணையமெங்கும் ஓடிய பிளாஷ், 2020 டிசம்பர் 31உடன் கைவிடப்பட்டது. அலுமாரியில் உறங்கும் கலியாண வீடியோ நாடாக்களுக்கும் அவற்றை ஓட்டும் கருவி அரிதாகிவிட்டது. ஓட்டுங் கருவி இருக்கும்போதே புதிய பெட்டிக்கு மாற்றிக்கொள்வது அறிவுடைமை.

மறுநாட் காலையிற் சிறிய கோப்பை அனுப்பினோம். வெளியே தெரிவது கண்ணைப் பறிக்கும் தெளிவாயினும், கடைசி வாங்கில் இருப்பவனுக்குத் தெரியாத எழுத்து எழுத்தாகாது என்பது வகுப்பறையில் நாம் என்றோ கற்ற பாடம். அதனைக் காணொளிக்கும் பொருத்திப் பார்க்க மறந்திருந்தோம்.

மாலையில் அம்மாணவன் மீண்டும் அழைத்தான்.

"சேர், இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மூன்றாம் வரியிற் கோணத்தின் பெயரைத் தவறாக எழுதிவிட்டீர்கள்!"

பலகையை நோக்கினோம். அவன் சொன்னது சரியே.