விலையோடு பெற்ற சொல்

பண்டை நாளில் பொருள் வாங்குவோர் தம் கண்ணையும் கையையுமே நம்பினர். பானை வாங்கச் சென்றவர் அதனைத் தட்டி ஓசை கேட்டனர். உழவுமாடு வாங்கச் சென்றவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்த்தனர். துணி வாங்கச் சென்றவர் நூலின் நெருக்கத்தை விரலால் தடவி அறிந்தனர். பொருளின் குறை பெரும்பாலும் புறத்தே புலப்பட்டது. புலப்படாத குறைக்கு விற்றவர் பொறுப்பல்லர் என்னும் எண்ணமும் நிலவியது. ‘வாங்குவோனே விழிப்பாய் இருக்கக் கடவன்’ என்பது மேலைநாட்டு வாணிக வழக்கில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய கோட்பாடாகும்.

இன்று நிலை மாறிவிட்டது. மோட்டார் வண்டி ஒன்றில் பல்லாயிரம் உறுப்புகள் உள்ளன. கடையில் நிற்கும் புதிய வண்டியின் வண்ணத்தைக் காணலாம்; இருக்கையின் மென்மையை அறியலாம். ஆனால் எஞ்சினுக்குள் எண்ணெய் ஓடும் வழியையும், பிரேக்குக் குழாயின் உறுதியையும், ஸ்டியரிங் சக்கரத்தை முன்சக்கரங்களோடு இணைக்கும் கோலின் வலிமையையும் வாங்குவோர் எவ்வாறு அறிவர்? தட்டிப் பார்த்துத் தெளியத்தக்க பொருளன்று அது. ஆதலின் அவர் தம் கண்ணை நம்பாது, விற்பவர் சொல்லை நம்பியே பணம் கொடுக்கின்றார்.

அச்சொல்லின் எழுத்து வடிவமே உத்தரவாதம். இத்தனை ஆண்டுகளுக்குள், அல்லது இத்தனை கிலோமீட்டர் ஓடுவதற்குள், மூலப்பொருளின் குறையாலோ செய்முறையின் குறையாலோ உறுப்பு ஏதேனும் பழுதுபடின், கட்டணம் பெறாமல் செப்பனிட்டோ மாற்றியோ தருவோம் என்பதே அதன் சாரம். அவ்விரண்டு எல்லைகளுள் எது முந்துகின்றதோ அதனோடு உத்தரவாதமும் முடிவுறும்.

இவ்வுத்தரவாதத்தை விற்றவர் காட்டும் அருளென்று கருதுவார் பலர். பழுதுற்ற புதுவண்டியைப் பணிமனைக்குக் கொண்டு செல்லும்போது உதவி நாடிச் செல்வார் போலத் தயங்கி நிற்பர். ‘சிறிது நாள் ஓட்டுங்கள், தானே சரியாகிவிடும்’ என்னும் விடையைக் கேட்டு வாய் திறவாமல் திரும்புவர். இது தவறான போக்காகும். உத்தரவாதம் அருளன்று, அது விலையின் ஒரு பகுதி. பழுது நீக்கும் செலவையும் கணக்கிட்டே உற்பத்தியாளர் விலை வகுக்கின்றனர். வண்டியின் சக்கரத்திற்கு விலை கொடுத்தது போலவே அச்சொல்லுக்கும் வாங்கியவர் விலை கொடுத்திருக்கின்றார். விலை கொடுத்த பொருளைக் கேட்டுப் பெறுதல் இரத்தலாகுமோ?

அச்சொல் சில வேளைகளில் வாங்கியவரைக் காக்கும் வேலியாக அமையாமல், விற்றவரைக் காக்கும் கேடயமாக மாறிவிடுதலும் உண்டு. இதனை விளக்க அமெரிக்க நாட்டு வழக்கு ஒன்று சான்றாகும். 1955ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹென்னிங்சன் என்பவர் அன்னையர் நாள் பரிசாகத் தம் மனைவிக்குப் புதிய வண்டி ஒன்றை வாங்கினார். வண்டி கைக்கு வந்து பத்தே நாள்கள் ஆயின. அது ஓடிய தொலைவு 468 மைல். அம்மையார் மிதமான வேகத்தில் ஓட்டிச் செல்கையில் வண்டியின் அடியிலிருந்து பேரோசை ஒன்று எழுந்தது. ஸ்டியரிங் சக்கரம் அவர் கைக்கு அடங்காமல் சுழன்றது. வண்டி வலப்புறம் பாய்ந்து, செங்கற்சுவர் ஒன்றில் மோதி நின்றது. அம்மையார் காயமுற்றார். வண்டியின் முன்பகுதி நொறுங்கிப் போனமையால், எவ்வுறுப்பு முன்னரே பழுதுற்றிருந்தது என்று எடுத்துக் காட்டவும் இயலவில்லை.

வழக்கு மன்றம் ஏறியது. உற்பத்தியாளரும் விற்பனையாளரும் உத்தரவாத வாசகத்தையே தமக்கு அரணாகக் கொண்டனர். விற்பனைத் தாளின் பின்புறத்தில் சிற்றெழுத்துகளில் அது அச்சிடப்பட்டிருந்தது. உத்தரவாதத்தின் எல்லை 90 நாள்கள் அல்லது 4,000 மைல். பழுதுற்ற உறுப்பை வாங்கியவரே போக்குவரத்துச் செலவு கொடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புதல் வேண்டும். தொழிற்சாலையார் அதனை ஆய்ந்து, குறை உண்டென்று தாம் மனநிறைவு கொண்டால் உறுப்பை மாற்றித் தருவர். வேறு எந்தப் பொறுப்பும் அவர்க்கு இல்லை. நொறுங்கிய வண்டியிலிருந்து எந்த உறுப்பை எடுத்து அனுப்புவது? குற்றம் சாட்டப்பட்டவரே நடுவராக அமர்ந்தால் நீதி எங்ஙனம் பிறக்கும்? இவ்வாசகம் பிடிக்காதவர் வேறு வண்டி வாங்கலாமே எனின், அதற்கும் வழியில்லை. அந்நாட்டுப் பெரிய உற்பத்தியாளர்கள் தம் சங்கத்தின் வழியாக வகுத்த ஒரே வாசகத்தையே வழங்கி வந்தனர்.

1960ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி உயர்நிலை மன்றம் தீர்ப்பு வழங்கியது. புதிய வண்டியை விற்பவர், அஃது ஓட்டுதற்குத் தக்கது என்னும் உறுதியையும் உடன் வழங்கியவர் ஆவார். சிற்றெழுத்து வாசகத்தால் அவ்வுறுதியைப் பறித்தல் பொதுநலத்திற்கு முரணானது. அத்தகைய வாசகம் செல்லாது என மன்றம் கூறியது. வண்டிக்கு விலை கொடுத்தவர் கணவரேயாயினும், ஓட்டிச் சென்ற மனைவிக்கும் அவ்வுறுதி உரியது என்றும் அது முடிவு செய்தது. அன்றுமுதல் ‘வாங்குவோனே விழிப்பாய் இருக்கக் கடவன்’ என்னும் பழங்கோட்பாடு தன் வலிமையைப் பெரிதும் இழந்தது எனலாம்.

எனினும் மற்றொரு துன்பம் எஞ்சி நின்றது. உறுப்பை மாற்றுவோம் என்று சொல்லிக்கொண்டே, ஒரே பழுதுக்காக வண்டியை மாதக்கணக்கில் பணிமனையில் நிறுத்தி வைத்தால் என் செய்வது? திரும்பத் திரும்பப் பழுதுபடும் புதுவண்டியை அமெரிக்க மக்கள் ‘எலுமிச்சை’ என்று இகழ்வர். 1982ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. ‘எலுமிச்சைச் சட்டம்’ என்றே அது பெயர் பெற்றது. ஒரே குறையை நான்கு முறை செப்பனிட முயன்றும் தீராவிடினும், பழுதின் பொருட்டு வண்டி மொத்தம் 30 நாள்கள் பயன்படாமல் நின்றாலும், செப்பனிடப் போதிய வாய்ப்பு அளிக்கப்பட்டதாகவே அச்சட்டம் கொண்டது. அதன் பின் உற்பத்தியாளர் வேறு வண்டி தருதல் வேண்டும்; அல்லது விலையைத் திருப்புதல் வேண்டும். பொறுமைக்கு ஓர் எண்ணிக்கை வகுத்ததே இச்சட்டத்தின் சிறப்பாகும். பின்னர் மற்ற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

இந்திய நாட்டில் வாங்குவோர்க்குக் காப்பில்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தோன்றியது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். குறையைப் புறத்தே கண்டறிய இயலாதபோது, தக்க ஆய்வுக்கூடத்தின் சோதனைக்கு உட்படுத்த ஆணையம் பணிக்கலாம். குறையை நீக்கவும், பொருளை மாற்றவும், விலையைத் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் ஆணையிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஆயினும், எத்தனை முறை செப்பனிட்டும் தீராத வண்டியை மாற்றித் தருதல் வேண்டும் என எண்ணிக்கை வகுக்கும் தனிச்சட்டம் இந்நாட்டில் இல்லை. 2006ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், உத்தரவாத வாசகம் உறுப்பை மாற்றுவதையே கூறுமாயின் வண்டி முழுவதையும் மாற்றுமாறு கூற இயலாது என்று தீர்ப்பளித்தது. வாசகம் அவ்வாறு இருக்கையில் தீர்ப்பும் அவ்வாறே அமையும். ஆகவே திருந்த வேண்டுவது வாசகமும், அதற்கு எல்லை வகுக்கும் சட்டமும் ஆகும். நான்கு முறையோ, ஐந்து முறையோ, ஓர் எண்ணிக்கை வகுக்கப்படின் இரு திறத்தாரும் தத்தம் நிலையை அறிவர், வழக்கும் குறையும்.

சிறு பழுதுக்கெல்லாம் வண்டியை மாற்றித் தந்தால் விலை உயரும். அச்சுமை வாங்குவோர் அனைவர் மீதும் விழும் என்று உற்பத்தியாளர் தரப்பில் கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணிக்கை வகுத்த சட்டம் சிறு பழுதைப் பற்றியதன்று. தீராப் பழுதைப் பற்றியது. ஒரு தொழிற்சாலையின் பிழையால் விளையும் இழப்பை வண்டி வாங்கிய ஒரு குடும்பம் தனியே சுமப்பதினும், பிழை செய்த தொழிற்சாலை சுமப்பதே முறையாகும். அவ்வாறு சுமக்கும் தொழிற்சாலையே அடுத்த வண்டியைக் கருத்தோடு செய்யும்.

உரிமை பேசுவோர்க்குக் கடமையும் உண்டு. உத்தரவாத வாசகத்தை வண்டி வாங்கும்போதே முழுதும் படித்தல் முதற்கடமை. பழுது தோன்றிய பின் படிப்பது, வெள்ளம் வந்த பின் அணை கோலுவது போலாகும். டயரும் பேட்டரியும் பெரும்பாலும் அவற்றைச் செய்தவரின் தனி உத்தரவாதத்திற்கு உட்பட்டவை. பிரேக்குக் கட்டை, கிளட்சுத் தட்டு முதலியன ஓட்டத்தால் இயல்பாகத் தேய்பவை. அத்தேய்வுக்கு உத்தரவாதம் பொருந்தாது. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாமலும், புறத்தே வாங்கிய விளக்குகளை மின்கம்பிகளில் இணைத்தும் வண்டியைக் கெடுத்துவிட்டு, அதனை மறைத்து உத்தரவாதம் கோருவோரும் உளர். விற்றவர் சொல் தவறுதல் குற்றமாயின், வாங்கியவர் பொய் கூறுதலும் குற்றமேயாகும்.

குறை கண்டவுடன் சொல்லுதல் அடுத்த கடமை. எச்சரிக்கை விளக்கு எரியக் கண்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் சிறு பழுது பெரும்பழுதாகும். பழி வாங்கியவர் மீதே வந்து சேரும். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுத்தில் வைத்தது நிற்கும். ஒவ்வொரு முறை பணிமனைக்குச் செல்லும்போதும் ஜாப் கார்டு எனப்படும் வேலைச்சீட்டில், கண்ட குறையைத் தெளிவாக எழுதச் செய்தல் வேண்டும். நாளும், வண்டி ஓடிய தொலைவும், விட்டுவந்த நாளும், திரும்பப் பெற்ற நாளும் அதில் இடம்பெறுதல் வேண்டும். அதன் படியைக் கேட்டுப் பெற்றுக் காத்தல் வேண்டும். குறை தீராவிடின் விற்பனையாளர்க்கும் உற்பத்தியாளர்க்கும் கடிதம் எழுதலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். அதன் பின்னும் பயனில்லையெனின் ஆணையத்தை அணுகலாம். முறையீட்டிற்குச் சட்டம் வகுத்த காலம் இரண்டு ஆண்டுகள். வீணே காத்திருந்து அக்காலத்தை இழத்தல் கூடாது. சினந்து பேசும் நூறு சொற்களினும், நாள் குறித்த வேலைச்சீட்டு ஒன்று ஆணையத்தின் முன் வலிமையுடையது.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது பழமொழி. இங்கோ, ஒருவர் கேட்பதால் அவர் மட்டுமன்றி அவரைப் போன்ற பலரும் பயன் பெறுவர். 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஓட்டுவோர்க்கோ சாலையில் செல்வோர்க்கோ தீங்கு தரும் குறையுடைய வண்டிவகையைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட நடுவண் அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. வண்டி உடையார் பலர் ஒரே குறையைத் தெரிவித்தல் அவ்வாணைக்குரிய வழிகளுள் ஒன்றாகும். ஒருவர் பிரேக்குக் குறையைச் சொல்லாமல் விட்டால் அவர் பொறுத்துக்கொண்டவராகத் தோன்றலாம். ஆனால் அதே குறையுடைய மற்றொரு வண்டியில் ஒரு தாயும் குழந்தைகளும் சென்றுகொண்டிருத்தல் கூடும். அவ்விடத்தில் பொறுமை பண்பாகாது. பிறர்க்குத் தீங்காகவே முடியும்.

ஆகவே விற்போர் தம் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுக, எழுதியவாறே நிறைவேற்றுக. வாங்கியோர் உண்மையைக் கூறி, உரிய காலத்தில், அஞ்சாது கேட்க. அரசு இருவர்க்கும் இடையே தெளிவான எல்லை வகுக்க. விற்றவர் சொல்லும் விற்ற பொருளைப் போலவே பழுதற்றதாய் இருத்தல் வேண்டும். அத்தகைய நாட்டிலேயே வாணிகம் தழைக்கும். வாங்குவோரும் அச்சமின்றி வாழ்வர்.