வண்டிக் கொக்கியும் தொழிலாளர் உயிரும்

ரயில் பிரயாணம் செய்யும் கோடிக்கணக்கான ஜனங்களில், ஒரு வண்டி மற்றொரு வண்டியோடு எவ்விதம் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தவர் மிகச் சிலரே. என்ஜினைப் பார்ப்பார்கள்; பெட்டியின் வர்ணத்தைப் பார்ப்பார்கள்; வண்டி காலத்தில் வந்ததா என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான டன் பாரத்தையும் இழுத்துச் செல்வதற்கு ஆதாரமாயிருப்பது, வண்டிகளின் நடுவே எண்ணெயும் தூசியும் படிந்து கிடக்கும் இரும்புக் கொக்கியே. அற்ப வஸ்துவாகத் தோன்றும் இக்கொக்கியின் சரித்திரத்தில் இயந்திர சாஸ்திரம் எவ்வளவு உண்டோ, ராஜீய சாஸ்திரமும் அவ்வளவு உண்டு. தொழிலாளியின் உயிருக்கு முதலாளிகளும் நியாயஸ்தலங்களும் சர்க்காரும் என்ன மதிப்பு வைக்கின்றனர் என்பதை அளந்து காட்டும் கோலாக அது விளங்குகிறது. தேச சேவையில் ஈடுபட்டுள்ள நமது நேயர்கள் இவ்விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டுமென விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ரயில் பாதைகள் பரவிய காலத்தில், வண்டிகளைப் பிணைக்க ஒரு இரும்பு வளையமும் ஒரு முளையுமே உபயோகிக்கப்பட்டன. ஒரு வண்டி அசையாது நிற்கும். மற்றொன்று அதை நோக்கித் தள்ளப்பட்டு வரும். இடையில் ஒரு தொழிலாளி நின்று, வளையத்தைக் கையால் தூக்கி எதிர் வண்டியின் துவாரத்துக்குள் செலுத்தி, வண்டிகள் மோதும் கணத்தில் கையை வெளியே இழுத்துக்கொண்டு, மேலிருந்து முளையைப் போடவேண்டும். ஒரு கணம் பிந்தினால் விரல் போகும். கால் இடறினால் உயிர் போகும். இருட்டிலும், மழையிலும், உறைபனியிலும் இவ்வேலை நடந்தது. விரல் குறைந்த கையைக் கண்டால் இவன் பழகிய வேலைக்காரன் என்று மேஸ்திரிகள் அறிந்துகொள்வார்களாம். அங்கக்குறைவே அனுபவத்துக்கு அத்தாட்சியாகிவிட்ட தொழில் இதைப் போல் வேறெதுவும் உண்டோ?

1891-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிந்த ஓராண்டில் மட்டும் அந்நாட்டு ரயில்வேக்களில் மாண்ட தொழிலாளர் 2,660 பேர். காயமடைந்தவர் 26,140 பேர். மரணங்களில் ஏறக்குறைய 100-க்கு 16-ம், காயங்களில் 100-க்கு 36-க்கு மேலும், வண்டிகளைப் பிணைக்கும்போதும் பிரிக்கும்போதும் நேர்ந்தவை. அதாவது ஒரே வருஷத்தில் சுமார் 425 பேரைக் கொன்று, 9,000-க்கு மேற்பட்டவரை ஊனப்படுத்தியோ காயப்படுத்தியோ விட்டது இக்கொக்கி. இக்கணக்கு ஏதோ கிளர்ச்சிக்காரர்கள் புனைந்ததன்று. பிரஸிடெண்டு பெஞ்சமின் ஹாரிஸன் தமது சட்டசபைக்கு 1892-ல் அனுப்பிய செய்தியில் எடுத்துக் காட்டியது.

இக்கொடுமைக்குப் பரிகாரம் தெரியாமலிருந்ததா? இல்லை. அதுதான் இச்சரித்திரத்தின் மர்மம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜானி என்பவர், யுத்தம் முடிந்தபின் ஜவுளிக் கடையொன்றில் குமாஸ்தாவாக வேலை பார்த்து வந்தவர், மரத்துண்டைக் கத்தியால் செதுக்கிப் புதுவிதக் கொக்கி ஒன்றின் மாதிரியைச் செய்து, 1873-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அதற்குப் பேடண்டு உரிமை பெற்றார். அதன் தத்துவம் மிக எளியது. நேயர்கள் தமது இரு கைகளின் விரல்களையும் மடக்கி, ஒன்றோடொன்று மாட்டி இழுத்துப் பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு வண்டியின் முனையிலும் மடக்கிய கை போன்ற ஒரு தலை உண்டு. அதில் விரல் முட்டியை ஒத்த ஒரு துண்டு, அச்சாணியில் கதவைப் போல் திரும்பும். வண்டிகள் மோதும்போது திறந்திருக்கும் முட்டி, எதிர்த் தலையால் தள்ளப்பட்டுத் தானே மூடிக்கொள்ளும். உடனே ஒரு பூட்டு விழுந்து, அது மீண்டும் திறவாதபடி தடுக்கும். பிரிக்க வேண்டுமாயின், வண்டியின் பக்கத்தில் நின்றபடி ஒரு நெம்புகோலை உயர்த்தினால் போதும். பிணைப்பதற்காக மனிதன் வண்டிகளுக்கிடையே கையை நீட்டவேண்டிய அவசியமே இல்லை.

1873-ல் பரிகாரம் கிடைத்துவிட்டது. ஆயினும் 1891-ல் தொழிலாளர் மாண்டுகொண்டே இருந்தனர். காரணம் என்ன? கம்பெனிக்காரர்கள் இரண்டு காரணங்கள் கூறினர். முதலாவது செலவு. இரண்டாவது, ஒரு கம்பெனி மட்டும் புதுக் கொக்கியை மாட்டிப் பயனில்லை. அதன் வண்டி பிற கம்பெனியின் பாதையில் சென்று பிற வண்டிகளோடு இணையவேண்டியிருக்கிறதே என்பது. இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மேற்சொன்ன 1891-ஆம் வருஷத்தில் 47 விதமான கொக்கிகள் உபயோகத்திலிருந்தன! எல்லாரும் மாற்றினால் அன்றி எவருக்கும் பயனில்லை. எவரும் முதலில் மாற்றத் தயாராயில்லை. இத்தகைய முட்டுக்கட்டையைத் தனி மனிதர் லாப நோக்கம் ஒருபோதும் தீர்த்ததில்லை. பொதுச் சட்டமே தீர்க்கவல்லது. தானாக எல்லாம் சரியாகிவிடும், சர்க்கார் தலையிடலாகாது என்று இன்றும் உபதேசிக்கும் பண்டிதர்கள், இந்த 20 வருஷக் கணக்குக்கு விடை சொல்லட்டும்.

சட்டம் தானாக வந்துவிடவுமில்லை. அயோவா மாகாணத்து விவசாயி லொரென்ஸோ காஃபின் என்பவர், ரயில் தொழிலாளி ஒருவன் விரல்களை இழந்ததைத் தம் கண்ணால் கண்டு, அன்று முதல் அதையே தம் வாழ்நாள் விரதமாக மேற்கொண்டார். 1883-ல் அம்மாகாணத்தின் ரயில்வே கமிஷனராக நியமிக்கப்பட்ட பிறகும் அவர் ஓயவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், பிரசங்கம் செய்தார், கம்பெனி அதிகாரிகளின் மகாநாடுகளில் புகுந்து அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். தொழிலாளர் சங்கங்களும் குரல் எழுப்பின. 1887-ல் வண்டி நிர்மாண நிபுணர்களின் சங்கம் ஜானி கொக்கியின் வெளி வடிவத்தைப் பொது மாதிரியாக ஏற்றுக்கொண்டது. உள்ளமைப்பு எவ்விதமாயினும், எதிர்த் தலையோடு பொருந்தும் வெளிக்கோடு ஒன்றாயிருக்கவேண்டும் என்பது இதன் கருத்து. இயந்திர விஷயத்தில் இது மிக்க விவேகமான முடிவு; புதுக் கற்பனைக்கும் இடமுண்டு, ஒற்றுமைக்கும் பங்கமில்லை. கடைசியாக 1893-ஆம் வருஷம் மார்ச் 2-ஆம் தேதி பிரஸிடெண்டு ஹாரிஸன் பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாகாணங்களுக்கிடையே ஓடும் வண்டிகள் யாவும் மோதியவுடன் தானே பிணையும் கொக்கியுடன் இருக்கவேண்டும். மனிதன் வண்டிகளிடையே புகாமலே அவற்றைப் பிரிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று அது விதித்தது. விதியை மீறிய வண்டியால் காயமுற்றவன், அபாயத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவனாகக் கருதப்படமாட்டான் என்றும் கூறிற்று. 1898 ஜனவரிக்குள் முடிந்திருக்கவேண்டிய இவ்வேலைக்குக் கம்பெனிகள் தவணை கேட்டுப் பெற்று, 1900 ஆகஸ்டு 1-ஆம் தேதி வரை நீட்டிக்கொண்டன.

சட்டம் வந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு, அடுத்து நடந்தது ஒரு பாடம். தவணை முடிந்த நாலே நாளில், 1900 ஆகஸ்டு 5-ஆம் தேதி, யூட்டா பிரதேசத்தில் பிராமண்டரி என்ற ஊரில், ஒரு தொழிலாளி என்ஜினைச் சாப்பாட்டு வண்டியுடன் பிணைக்க முயன்று கையை இழந்தான். என்ஜினில் ஜானி கொக்கி இருந்தது. சாப்பாட்டு வண்டியில் மில்லர் கொக்கி இருந்தது. இரண்டும் தானியங்கிகளே, ஆனால் ஒன்றோடொன்று தானாகச் சேரா! கீழ்க் கோர்ட்டார் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்? இரண்டிலும் தானியங்கிக் கொக்கி இருப்பதால் சட்டம் நிறைவேறிவிட்டது. மேலும் என்ஜின் என்பது சட்டத்திலுள்ள 'வண்டி' என்ற சொல்லில் அடங்காது என்று! கை நசுங்கியவனுக்கு அகராதியை எடுத்துக் காட்டிய நியாயம் இது. 1904 டிஸம்பரில் ஸுப்ரீம் கோர்ட்டு இத்தீர்ப்பை மாற்றி, என்ஜினும் வண்டியே. கொக்கிகள் எதிரெதிரே ஒன்றோடொன்று தானாகப் பிணையவேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம் என்று தெளிவுபடுத்திற்று. சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை வாங்கும் வித்தை எல்லாத் தேசத்து முதலாளிகளுக்கும் தெரியும். ஜனங்களின் விழிப்பு ஒன்றே அதற்கு மாற்று.

இனி, ஆசியாவின் பக்கம் திரும்புவோம். ஜப்பானியர் ஐரோப்பிய மாதிரித் திருகுக் கொக்கியுடன் ரயில் பாதையைத் துவக்கியவர்கள். மாற்றுவதென்று தீர்மானித்தபின் அவர்கள் 47 விதக் குழப்பத்துக்கு இடங்கொடுக்கவில்லை. பல வருஷம் முன்னேற்பாடு செய்து, புதுக் கொக்கிகளை அந்தந்த வண்டியிலேயே முன்கூட்டித் தொங்கவிட்டு, 1925 ஜூலை 17-ஆம் தேதி ஹொன்ஷூ தீவிலும், 20-ஆம் தேதி கியூஷூ தீவிலும் வண்டிகளை நிறுத்தி, ஒரே மூச்சில் மாற்றிவிட்டனர். சோவியத் தேசம் 1935-ல் துவக்கி, இடையில் மகா யுத்தத்தையும் கடந்து, 1957-ல் முடித்தது. ஆனால் ரயிலைப் பிறப்பித்ததாகப் பெருமை பேசும் ஐரோப்பாவிலோ, சாமான் வண்டிகள் பெரும்பாலும் இன்றும் கையால் மாட்டித் திருகும் சங்கிலியுடனேயே ஓடுகின்றன. பல ராஜ்யங்கள் ஒரு மனப்படாமையே காரணம். இப்போதுதான் காற்றுக் குழாயையும் மின்சாரக் கம்பியையும்கூடத் தானே இணைக்கும் புதுக் கொக்கிக்கு அவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள்.

நமது தேசத்தின் நிலை யாது? வெள்ளையர் கம்பெனிகள் இங்கே பாதை போட்டபோது தங்கள் நாட்டு வழக்கத்தையே இங்கும் இறக்குமதி செய்தனர். இருபுறமும் மோதுதாங்கிகள், நடுவே திருகுச் சங்கிலி. இவ்வமைப்பில் ஒரு பெருங்குறை உண்டு. கொக்கியை மனிதன் கையால் தூக்கி மாட்டவேண்டியிருப்பதால், அவன் தூக்கக்கூடிய பாரத்துக்கு மேல் அதன் கனம் போகக்கூடாது. கனத்துக்கு வரம்பு உண்டானால் பலத்துக்கும் வரம்பு உண்டு. வண்டித்தொடரின் நீளத்துக்கும் பாரத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே தொழிலாளியின் உயிரைக் காக்கும் கொக்கியே தேசத்தின் நிலக்கரியையும் இரும்பையும் தானியத்தையும் அதிகமாகச் சுமக்கும் கொக்கியுமாகும். ஜீவகாருண்யமும் சிக்கனமும் ஒரே திசையில் செல்லும் இடம் இது. சுதந்தரத்துக்குப் பின் நமது சாமான் வண்டிகளில் நடுக் கொக்கி புகுத்தப்பட்டது. பெரம்பூர்த் தொழிற்சாலையில் 1955 முதல் செய்யப்பட்ட பிரயாணிகள் வண்டிகள் நெடுங்காலம் திருகுச் சங்கிலியுடனேயே வந்தன. 2018-ல் அப்பழைய மாதிரி அங்கே நிறுத்தப்பட்டு, ஜானியின் வம்சத்தைச் சேர்ந்த நடுக் கொக்கியுடைய புது வண்டிகளே செய்யப்படுகின்றன. விபத்தின்போது ஒரு வண்டி மற்றொன்றின் மேல் ஏறாதபடி இறுகப் பிடிக்கும் குணம் இக்கொக்கிக்கு உண்டு. இம்முன்னேற்றத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் பாராட்டோடு நின்றுவிட முடியவில்லை. 2024-ஆம் வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி, பீஹாரிலுள்ள பரௌனி ஜங்ஷனில், என்ஜினை வண்டியிலிருந்து பிரிக்கச் சென்ற தொழிலாளி ஒருவர் இரண்டுக்குமிடையே நசுங்கி மாண்டார். பூட்டைத் திறக்கும் நெம்புகோல் பக்கத்தில் இருக்கலாம். காற்றுக் குழாய்களைக் கழற்றவும் மாட்டவும் மனிதன் இன்னும் வண்டிகளுக்கிடையே புகவேண்டியே இருக்கிறது. ஜானியின் கொக்கி பாதி வேலையைத்தான் செய்தது. மீதிப் பாதியை இயந்திரம் செய்யும் நாள் வரும் வரையில், ஒழுங்கு விதியே தொழிலாளிக்குக் கவசம். இடையில் ஆள் நிற்கையில் என்ஜின் அசையலாகாது. உள்ளே சென்றவன் வெளியே வந்து, கண்ணுக்கு எதிரே நின்று சைகை காட்டினாலன்றி டிரைவர் கைபோடலாகாது. இதைக் கண்காணிக்கப் போதிய ஆட்கள் இருக்கவேண்டும். இவை எந்த ரயில்வேக்காரரும் அறியாத புது விஷயங்களல்ல. ஆனால் ஆள் குறைவும், அவசரமும், மேலதிகாரியின் நெருக்கடியும் சேரும் இடத்தில், காகிதத்திலுள்ள விதி காகிதத்திலேயே தங்கிவிடுகிறது. விபத்து நடந்தபின், யார் யாருக்குத் தவறாகச் சைகை காட்டினார் என்று கடைசிச் சிப்பந்திகளிடையே குற்றத்தைப் பங்கிடுவது எளிது. அவ்விடத்தில் எத்தனை பேர் இருக்கவேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள், தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதபடி இயந்திரத்தை ஏன் அமைக்கவில்லை என்று கேட்பதே கடினம். கடினமான அக்கேள்வியையே நாம் கேட்கிறோம்.

இப்போது நாம் கோருவன மூன்று. வண்டிகளுக்கிடையே நேரும் மரணங்களையும் காயங்களையும் தனித் தலைப்பில் வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிடவேண்டும். அமெரிக்கத் தொழிலாளரைக் காப்பாற்றியது முதலில் அந்தக் கணக்கே. கணக்கில் வராத துயரம் சட்டசபையில் ஏறுவதில்லை. இரண்டாவது, காற்றையும் மின்சாரத்தையும் தானே இணைக்கும் கொக்கி மெட்ரோ ரயில்களில் ஏற்கெனவே வழக்கத்திலிருக்கையில், என்ஜின் அடிக்கடி மாறும் நெடுந்தூர வண்டிகளுக்கும் அதனை எப்போது கொண்டுவருவது என்று தேதி குறித்துச் சொல்லவேண்டும். மூன்றாவது, அதுவரையில் ஷண்டிங் வேலையில் குறைந்தபட்சம் இத்தனை ஆட்கள் இருக்கவேண்டுமென்ற வரம்பைச் செலவுக் குறைப்பின் பேரால் தொடக்கூடாது.

பரிகாரம் அறிந்த பின்னும் 20 வருஷம் விரல்களையும் உயிர்களையும் பலிகொடுத்தது அமெரிக்கா. பிறர் செலுத்திய விலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் சௌகரியம் நமக்கு உண்டு. அதே விலையை நமது தொழிலாளரும் மறுபடி செலுத்தவேண்டுமென்பது எந்த நியாயம்? சொந்த ரயில்வே என்று நாம் பெருமைப்படுவது, அதில் வேலை செய்பவன் மாலையில் முழுக் கையோடும் முழு உயிரோடும் வீடு திரும்பும்போதுதான் பொருளுடையதாகும்.